கயிற்றுக்கட்டில் கற்பித்த பாடம்

பெருங்கேடு யாதும் ஒரே நாளில் விளைவதன்று. அது தன் வரவை முன்னரே மெல்ல அறிவிக்கின்றது. கேட்பார் இன்மையே குறை. இவ்வுண்மையைச் சென்ற கோடை விடுமுறையில், காரிமங்கலத்தை அடுத்த எம் சிற்றூரில், யாம் உணர்ந்தவாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

எம் கழனியின் எல்லையில் இரு கம்பங்களின்மேல் மின்மாற்றி ஒன்று நிற்கின்றது. கிணற்று நீர் இறைக்கும் பொறிகட்கெல்லாம் உயிர் அதுவே. ஒருநாள் மாலை எந்தையார், "அதில் எண்ணெய் கசிகிறது, ஓசையும் மாறியிருக்கிறது. படித்த பிள்ளை நீ, அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடப்பா" என்றார். யாமோ தேர்வுக்குரிய இலக்கண உரையில் மூழ்கியிருந்தோம். "நாளைக்கு எழுதித் தருகிறேன், அப்பா" என்றோம். அந்த நாளை வரவேயில்லை. ஆறாம் நாள் இரவு பேரொலி ஒன்று எழுந்தது, ஊர் இருண்டது. வேறு மின்மாற்றி வருதற்கு ஒன்பது நாள் ஆயின. அதற்குள் எம் தக்காளிப் பயிரிற் பாதிக்குமேல் கருகிற்று. எந்தையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எம்மை மிகச் சுட்டது.

மின்பொறியியல் பயின்ற எம் தமையனார் அப்பொழுது ஊருக்கு வந்திருந்தார். எம் மின்மாற்றி இன்ன காரணத்தாற் பழுதுற்றது என அவர் துணிந்து கூறவில்லை. ஆயினும், பெரிய மின்மாற்றிகள் தம் நோயை அறிவிக்கும் முறையை விளக்கினார். அவற்றினுள்ளே, காகிதம் போர்த்த செப்புக்கம்பி பற்பல சுற்றுக்களாக எண்ணெயில் அமிழ்ந்துள்ளது. அக்காப்பில் நுண்ணிய குமிழி ஒன்று தங்குமாயின், அவ்விடம் மின்னழுத்தத்தைத் தாங்காது. சிறு பொறி தோன்றி மறையும். இதனைப் பகுதி மின்னிறக்கம் என்பர். அதனை அளக்கும் அலகு பிக்கோகூலும். அஃதாவது ஒரு கூலுமை இலட்சம் கோடியாகக் கூறிட்டதில் ஒரு கூறு. அத்துணைச் சிறிதாயினும், நாள்தோறும் எழும் பொறிகள் காப்பை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

"அச்செய்தி வெளியே வருவது எங்ஙனம்?" என வினவினோம். அவர் திண்ணையிற் கிடந்த கயிற்றுக்கட்டிலைக் காட்டினார். "தம்பி, இதில் ஓடுவது ஒரே கயிறு. நடுவில் ஓர் இழையைச் சுண்டினால், அசைவு கயிற்றின் வழியே வளைந்து வளைந்து ஓடிச் சட்டத்தை அடைவது ஒரு வழி. பக்கத்து இழைகளை அசைத்துக் குறுக்கே தாவுவது மற்றொரு வழி. அங்கும் இப்படித்தான்" என்றார்.

அடுத்தடுத்த சுற்றுக்கட்கு இடையிலும், சுற்றுக்கும் நிலத்தோடு இணைந்த இரும்புக்கும் இடையிலும் மின்தேக்கம் உண்டு. ஆதலால், துடிப்பு எழுந்த முதற் கணத்தில் அச்சுருள் மின்தேக்கிகளால் ஆகிய ஏணிபோல் ஒழுகும். செய்தியின் ஒரு பகுதி அவ்வேணி வழியே தாவி இரு முனைகளையும் உடனே சேரும். எஞ்சியது கம்பி வழியே அலையாய்ச் சற்றுப் பிந்தி வரும். படிதோறும் ஒரு பங்கு நிலத்திற்குப் பிரிந்துவிடுதலின், தொலைவிலுள்ள முனைக்குக் குறைந்தே கிட்டும். எனவே, இரு முனைகளிலும் அளந்து ஒப்பிட்டால் பொறி எழுந்த இடம் ஒருவாறு புலப்படும். எனினும், சுருளின் இயல்பான அதிர்வுகள் செய்தியின் உருவை மாற்றிவிடும். சுருளின் தன்மையை முன்னரே அறிந்தவர்க்கே அது பொருள் தரும். இத்தகைய மின்னலைகள் சுருளினுட் புகும் முறையைச் செருமானிய அறிஞர் வாக்னர் 1915-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்துள்ளார். பொறியோடு எழும் ஒலியையும் தொட்டியின் புறத்தே கருவி வைத்துக் கேட்பர்; அவ்வொலி எண்ணெயில் நொடிக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் செல்லும்.

சிற்றூர் மின்மாற்றிகட்கு இந்நுண்சோதனைகள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அவற்றிற்கு உழவர் செவியே கருவி. எந்தையார் செவி தன் கடமையைச் செய்தது; செய்தி எம்மிடம் வந்து நின்றுவிட்டது. பிறர் நூலுக்கு உரை தேடிய யாம், எம் தந்தை சொல்லுக்குப் பொருள் தேடினோமில்லை.

கல்லூரிக்குத் திரும்புமுன் ஊரார் மூவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அவற்றைப் படிக்கக் கேட்ட எந்தையார், "நடை கொஞ்சம் கடினம், ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட்டாய்" என்று நகைத்தார்.