பெருநாள் விடுமுறையும் எட்டுச் சீட்டுகளும்



ஊனோ என்னும் சீட்டாட்டத்தை அறியாத பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் குறைவு. பெருநாள் விடுமுறைக்குச் சாச்சா பிள்ளைகள், மாமி பிள்ளைகள் என்று பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடிவிட்டால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பாயை விரித்து அந்தப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் எழும் விதிச் சண்டைகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம். சிறுவர் விளையாட்டுக்கு இத்தனை எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர் எங்கள் தங்கைகள் இருவரும் ஐந்து வாரங்கள் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். அதற்குக் காரணம் இந்த ஆட்டத்தின் ஒரே ஒரு விதி. ஆகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீட்டு என்ற சொல்லே வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். எங்கள் வாப்பா தம் ஆயுளில் ஒரு சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. பணயம் வைத்து ஆடுவது சூது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. பணயமில்லாத ஆட்டங்கள் குறித்து ஐயம் உள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் காசு கிடையாது, மிட்டாய்கூடப் பணயமாகாது, பாங்கு ஒலித்ததும் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழ வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறோம். இதையும் வேண்டாம் என்று ஒதுக்கும் வீடுகளை நாங்கள் மதிக்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். மூத்த தங்கை சென்னையில் வாழ்கிறாள். இளையவள் ஊரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். மூத்தவளின் மகனுக்குப் பதினொரு வயது. அன்று அவன் கையில் ஒரே ஒரு சீட்டு எஞ்சியிருந்தது. 'ஊனோ' என்றும் உரக்கச் சொல்லிவிட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருத்தி பிளஸ் டூ போட்டாள். அடுத்தவன் அதன்மேல் இன்னொரு பிளஸ் டூ. இளைய தங்கையின் பதினான்கு வயது மகன் அதன்மேல் பிளஸ் ஃபோர் வைத்து, "எட்டு எடு" என்றான். சின்னவன் மறுத்தான். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் வழக்கமே ஆட்டத்தில் இல்லை, பிளஸ் டூ விழுந்தால் அடுத்தவர் இரண்டை எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். "இங்கே இப்படித்தான்" என்று எல்லோரும் கூவினார்கள். "வல்லாஹி, பெட்டியில் வரும் தாளில் அப்படி இல்லை" என்று அவன் சத்தியம் செய்தான். தாளோ எப்போதோ தொலைந்து போயிருந்தது. பெரியவன் சிரித்துக்கொண்டே, "சீட்டுக்காகப் பொய்ச் சத்தியம் செய்கிறான் பார்" என்றான்.

சின்னவன் எட்டுச் சீட்டுகளையும் எடுக்கவில்லை. இரவு உணவுக்கும் வரவில்லை. அடுக்களையில், "விருந்துக்கு வந்த பிள்ளையை இப்படியா பேசுவது?" என்றாள் மூத்தவள். "தோற்கத் தெரியாமல் வளர்த்தால் இப்படித்தான்" என்றாள் இளையவள். நியாயம் தன் பக்கம் இருந்தும் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த நற்செய்தியை ஒருத்தி மற்றவளுக்கு நினைவூட்டினாள். அவளும் அதையே திருப்பி இவளுக்கு நினைவூட்டினாள். அந்த நபிமொழியை எதிரில் இருப்பவருக்கென்றே மனப்பாடம் செய்திருக்கிறோமோ என்று எங்களுக்கு அப்போது தோன்றியது. மறுநாள் மாலைக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

யார் சொன்னது சரி? எங்கள் மகள் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே மடித்திருந்த தாளை வரிவரியாகப் படித்தாள். சின்னவன் சொன்னதே சரி. பிளஸ் டூ விழுந்தால் அடுத்தவர் இரண்டு சீட்டுகள் எடுத்து, தம் முறையையும் இழக்கிறார். அதன்மேல் இன்னொன்றை ஏற்றி அடுத்தவர் தலையில் கட்ட விதி இடந்தரவில்லை. 2019 மே மாதத்தில் ஊனோ நிறுவனத்தாரே இதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் தெளிவாகச் சொன்னபோது, உலகெங்கும் பலர் அதை ஏற்க மறுத்து அவர்களோடேயே வாதிட்டார்கள். ஆட்டத்தை விற்பவருக்கே அதன் விதி தெரியவில்லை என்று சொல்லும் அளவுக்கு வீட்டு வழக்கம் வலுவாக வேரூன்றியிருக்கிறது.

இதில் எங்களுக்கு வியப்பில்லை. இந்த ஆட்டம் பிறந்த கதையே ஒரு விதிச் சண்டைதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநருக்கும் அவருடைய மகனுக்கும் கிரேஸி எய்ட்ஸ் என்னும் பழைய சீட்டாட்டத்தின் விதிகளைப் பற்றி வாக்குவாதம் எழுந்தது. அதிலிருந்தே 1971-இல் அவர் ஊனோவை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. குடும்பத்தார் பணம் சேர்த்து முதலில் 5,000 பெட்டிகள் செய்தார்கள். 1992-இல் அது மட்டெல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. தகப்பனும் மகனும் தம் தர்க்கத்தை ஒரு புதிய ஆட்டமாக்கினார்கள். நம் வீட்டிலோ ஆட்டம் தர்க்கமாகிவிட்டது.

தாளைப் படித்துக் காட்டினால் பிணக்குத் தீரும் என்றே முதலில் எல்லோரும் எண்ணினர். தீரவில்லை. ஏனெனில் பெரியவன் ஏமாற்றவில்லை. அவன் ஐந்து வயதிலிருந்து ஆடிவரும் முறை அது. சின்னவனும் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டில் தாளின்படி ஆடுகிறார்கள். இருவரும் தாம் அறிந்ததையே சொன்னார்கள். சின்னவனைப் புண்படுத்தியது எட்டுச் சீட்டுகள் அல்ல, 'பொய்ச் சத்தியம்' என்ற சொல். அந்தக் கணக்கைத் தாளால் நேர் செய்ய முடியாது. பெரியவனை அழைத்து, விதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். அவன் தொலைபேசியில் கேட்டான். "சரி காக்கா, நானும் சத்தியம் போட்டிருக்கக் கூடாது" என்று அந்தப் பக்கம் இருந்து பதில் வந்தது. பிள்ளைகளின் பிணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தாய்மார்களுக்கு மேலும் இரண்டு வாரங்கள் தேவைப்பட்டன.

புதிய தாள் கைக்கு வந்த பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவள் எங்கள் மகள். பிளஸ் ஃபோர் சீட்டை நினைத்தபோதெல்லாம் போட முடியாது. மேசையில் நடப்பிலுள்ள நிறத்தில் ஒரு சீட்டுகூடத் தன் கையில் இல்லாதபோதுதான் போடலாம். எண் பொருந்தும் சீட்டு இருந்தால் தடையில்லை, நிறம்தான் கணக்கு. எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் அறைகூவலாம். அப்போது போட்டவர் தம் கையை அறைகூவியவருக்குக் காட்ட வேண்டும். விதியை மீறியிருந்தால் அவரே நான்கு சீட்டுகளை எடுக்க வேண்டும். மீறவில்லை என்றால் சந்தேகப்பட்டவர் ஆறு எடுக்க வேண்டும். "அப்படியென்றால் பச்சையை வைத்துக்கொண்டே பிளஸ் ஃபோர் போடுவது சாமர்த்தியமா, பொய்யா?" என்று கேட்டாள்.

வீட்டில் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். மாட்டிக்கொண்டால் தண்டனை என்று எழுதியிருப்பதால் அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்றனர் சிலர். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கையிலுள்ளதை மறைத்து வைப்பது எல்லாச் சீட்டாட்டத்துக்கும் பொது. அது எல்லோரும் ஒப்புக்கொண்ட மறைவு. போடக்கூடாது என்று தாள் சொல்லும் சீட்டைத் தெரிந்தே போடுவது வேறு. தண்டனை எழுதியிருப்பதால் குற்றம் அனுமதியாகிவிடாது. போக்குவரத்து அபராதம் கட்டினால் எதிர்த்திசையில் ஓட்டலாம் என்று எவரும் சொல்வதில்லையே. அதிலும் "என்னிடம் பச்சையே இல்லை" என்று வாய்திறந்து சொல்வதை எந்த ஆட்டத்தின் பெயராலும் எங்கள் வீட்டில் ஏற்பதில்லை. மறுபுறம், ஆதாரமின்றிச் சந்தேகப்படுபவர் நான்குக்குப் பதில் ஆறு சுமக்க வேண்டும் என்ற விதி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை எழுதியவர் குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது சீட்டைப் பகிர்வதற்கு முன் பிள்ளைகள் சிலவற்றைப் பேசி முடித்துக்கொள்கிறார்கள். ஏற்றலாமா, கூடாதா? ஏழு விழுந்தால் கைமாற்றம் உண்டா? ஒரே நிறமும் எண்ணும் உள்ள சீட்டு வைத்திருப்பவர் தம் முறை வராமலேயே குறுக்கே பாயலாமா? இருவர் மட்டும் ஆடினால் ரிவர்ஸ் சீட்டு ஸ்கிப் போலச் செயல்படும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் கருத்து வேறுபாடு வந்தால் அந்தக் கையைப் பெரியவர் ஒருவர் சொல்வதுபோல் முடித்துவிட்டு, பிறகே தாளைத் திறக்க வேண்டும். கையில் ஒரு சீட்டோடு இருக்கும் எங்கள் உம்மா 'ஊனோ' சொல்ல மறந்தால் பிடிக்கலாமா என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிடிக்கத்தான் வேண்டும் என்பது உம்மாவின் கட்சி.

கேட்பதிலும் விடை சொல்வதிலும்கூட ஒரு முறை வந்திருக்கிறது. "பிளஸ் டூ மேல் பிளஸ் ஃபோர் போடலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் இப்போது எவரும் விடை சொல்வதில்லை. எந்தப் பெட்டி, எத்தனை பேர், மேலே கிடந்த சீட்டு எது, யார் யாருக்குப் பின் போட்டார் என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லி வாங்கும் விடை செல்லாது. விடை சொல்பவரும் "தாளில் இப்படி" என்றோ "எங்கள் வீட்டில் இப்படி" என்றோ தொடங்க வேண்டும். இந்த இரண்டு சொற்களில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. அன்று பாயில் இருந்த பத்துப் பேரில் ஒருவர் அப்படிப் பேசியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஆடாமல் பின்னால் உட்கார்ந்து பிறர் கையைப் பார்த்து யோசனை சொல்லும் சாச்சாமார்களுக்கும் ஒரு விதி தேவை. அதை எழுதும் துணிவு இன்னும் எவருக்கும் வரவில்லை.

சென்னையிலிருந்து வரும் விடுமுறைக்கு எல்லோரும் வருவதாகச் செய்தி. சின்னவன் 'ஊனோ நோ மெர்சி' என்னும் பெட்டியைக் கொண்டு வருகிறானாம். 2023-இல் வெளிவந்த அதில் வழக்கமான 112 சீட்டுகளுக்குப் பதில் 168 சீட்டுகள். கையில் 25 சேர்ந்தவர் ஆட்டத்திலிருந்தே விலக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவது அந்தப் பெட்டியின் தாளிலேயே விதியாக எழுதப்பட்டிருக்கிறது. "காக்காவுக்குப் பிடிக்கும்" என்று சொல்லித் தன் உம்மாவிடம் கேட்டு வாங்கினானாம்.