நீலக்கல் அரிக்கப் போகலாமா?

அரிசி களையும்போது பாத்திரத்தின் அடியில் கல் தங்கினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எறிந்து விடுகிறோம். அதே வித்தையைச் செய்து, கல் தங்கினால் ஆனந்தக் கூத்தாடுகிறவர்களை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் நடுவே அனக்கி, ஸஃபையர், ரூபிவேல், வில்லோஸ் என்று நாலு சின்ன ஊர்கள். எமரால்டு என்ற பட்டணத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேர மோட்டார்ப் பிரயாணம். எமரால்டில் மரகதம் கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பெயரோடு சரி!

இங்கே நீலக்கல் இருப்பது 1870-களிலேயே தெரிந்துவிட்டது. எப்போதோ எரிமலைகள் கக்கிய பாறை உதிர்ந்து, பழைய ஓடைகள் அரித்துக்கொண்டு வந்து, சரளை மண்ணோடு சேர்த்துப் படியவிட்ட கற்கள் அவை. நீலம் மட்டுமல்ல, பச்சை உண்டு, மஞ்சள் உண்டு. ஒரே கல்லில் பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாகக் கிடைப்பதும் உண்டு.

யார் வேண்டுமானாலும் தோண்டலாமா? தோண்டலாம், லைசென்ஸ் வாங்கிக்கொண்டு. தாய் தந்தையோடு குழந்தைகளையும் சேர்த்து ஒரே குடும்ப லைசென்ஸ் தருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொழுதுபோக்குக்காரர்களுக்கென்றே சர்க்கார் சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி, சல்லடை இவைதான் ஆயுதங்கள். இயந்திரமும் வெடியும் கூடாது. சுரங்கம் குடையவும் கூடாது. தனியார் நிலமானால் சொந்தக்காரரின் அனுமதியும் வேண்டும். தேசியப் பூங்காவில் கை வைக்கவே கூடாது. இத்தனை கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். இயந்திரத்தை உள்ளே விட்டால் சல்லடையும் கையுமாக வருகிற குடும்பத்துக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்கள்?

இனி வேலைக்கு வருவோம். தோண்டிய சரளையைச் சலித்து மண்ணைக் கழிக்க வேண்டும். பிறகு சல்லடையைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, மேலும் கீழுமாகக் குலுக்க வேண்டும். நீலக்கல் சாதாரணக் கூழாங்கல்லைவிடக் கனமானது. ஆகவே அடியில், நடுமத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இட்லித் தட்டைக் கவிழ்ப்பதுபோல் சல்லடையை ஒரே வீச்சில் மேஜைமேல் கவிழ்த்தால், அடியிலிருந்தது உச்சிக்கு வந்துவிடும். அப்புறம் கண்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்தக் கண் லேசில் வருவதில்லை. 1930-களில் இந்தப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் பெரிய கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தான். வீட்டில் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். பல வருஷம் அதுதான் அதன் உத்தியோகம்! 1947-ல் அமெரிக்க வியாபாரி ஒருவர் அதை வாங்கி இழைக்கச் செய்தார். உள்ளேயிருந்து ஆறு கதிர் நட்சத்திரம் ஒன்று எழுந்தது. 733 காரட் எடையுள்ள 'குவீன்ஸ்லாந்தின் கறுப்பு நட்சத்திரம்' அதுதான்.

முதுகு வலிக்குப் பயப்படுகிறவர்கள் வாளிக் கணக்கில் சரளையை விலைக்கு வாங்கி நிழலில் உட்கார்ந்து அரிக்கலாம். அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம். போவதானால் ஜூன், ஜூலை நல்லது. டிசம்பர், ஜனவரியில் வெயில் வாட்டிவிடும். ஆனால் பழந்தின்னிகள் காத்திருப்பது நல்ல மழைக்குத்தான். மழை மண்ணைக் கழுவிவிட்டுப் போன மறுநாள் காலை, தாழ்ந்த வெயிலை நோக்கித் தலையைக் குனிந்துகொண்டு மெள்ள நடக்கிறார்கள், தரையில் எங்கேயாவது ஒரு மினுக்கல் தெரிகிறதா என்று.