கூடையில் இருந்த கிளி

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்தில் பள்ளிக்கு வரும் தோழியர் நாங்கள் நால்வர். சென்ற மாசி மாதம் ஒரு மாலை, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒருவர் மூங்கில் கூடையில் இளம் பச்சைக்கிளிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் தலைநிமிர மாட்டாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு அதை வாங்கினோம். புண்ணியம் செய்கிறோம் என்றே எண்ணினோம்.

கிளிக்கும் எங்கள் ஊருக்கும் உறவு பழையது. காடு மூடிக் கிடந்த கோயிலைச் சோழ மன்னன் ஒருவனுக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு கிளிதான் என்பது தலவரலாறு. கோயிலுக்குள் கிளி மண்டபமே உண்டு.

ஊறவைத்த கடலையும் கொய்யாவும் தின்று மூன்றே வாரத்தில் அது தேறிவிட்டது. கொள்ளிடக் கரைத் தோப்புக்குக் கொண்டுபோய் விட்டோம். அது பறக்கவில்லை, இரண்டு முழம் தத்திச் சென்று எங்கள் காலடிக்கே திரும்பி வந்தது. சிறகை விரித்துப் பார்த்தோம். நீண்ட இறகுகளெல்லாம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன.

விலங்கியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் ஓடினோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "அந்தக் கூடையில் இப்போது எத்தனை கிளி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தோம். கூடை நிறைந்தே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மரப்பொந்தில் கைவிட்டுக் குஞ்சை எடுப்பவருக்கு நாங்கள் கூலி கொடுத்திருக்கிறோம்! (விற்றவரும் அரைவயிற்றுக்காரர்தாம், அவர் மேல் மட்டும் பழிபோட மனம் வரவில்லை.) 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமன்று, வாங்கி வளர்ப்பதும் குற்றம் என்று சிஸ்டர் விளக்கினார்கள். கடைகளில் விற்கும் லவ் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியப் பறவை. கூண்டிலேயே இனம் பெருக்கப்படுவது. அதற்கு அத்தடை இல்லை. அவற்றை விற்கும் கடைகளும் பதிவு பெற வேண்டுமென 2018இல் விதி வந்தது. ஆனாலும், சின்னக் கூண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அவை நெருக்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் இப்போது எங்களுக்குக் கால் நகர்வதில்லை.

"நாம் வாங்காமல் வந்திருந்தால் அது அன்றிரவே செத்திருக்குமே" என்று எங்களில் ஒருத்தி இன்னும் கேட்கிறாள். மற்ற மூவருக்கும் பதில் தெரியவில்லை.

சிஸ்டர் சொற்படி கிளியை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்து, நடந்ததையும் சொன்னோம். வெட்டுண்ட இறகுகள் தாமே உதிர்ந்து புதியவை முளைக்கும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார் அங்கிருந்தவர். அவர் கையில் கொடுத்தபோது அது எங்களில் ஒருத்தியின் சடை ரிப்பனை அலகால் கவ்விக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லை.