உரிச்சா எத்தனை கிலோ?

பொட்டி தட்டுறவனுக்கு ஆட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன் மக்கா.

போன வருசம் நெற்குப்பையில அக்கா பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், கிடா என் பொறுப்பு. அப்பத்தா வளத்த கிடா வீட்டுலயே நின்னுச்சு. கருப்பு உடம்பு, மூஞ்சியில ரெண்டு வெள்ளைக் கோடு, பால்கன்னி. குட்டியிலேயே காயடிச்சது. சாமிக்கு விடுறதுன்னா எங்க வீட்டுல காயடிக்க மாட்டாங்க, இது விருந்துக்கு.

டெக்சாஸ்ல ஆன்சைட் இருந்தப்ப கூட வேலை பார்த்தவர் வீட்டுல காயடிச்ச காளை ரெண்டு வளத்தாங்க, கறிக்குன்னே. (நம்மூர்ல அது நடக்காது. 1958 சட்டப்படி பத்து வயசு தாண்டி, உழவுக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னு சான்றிதழ் வேணும்.) அங்க அறுத்த பிறகு 12-வது, 13-வது விலா எலும்புக்கு நடுவுல வெட்டி, சதைக்குள்ள கொழுப்பு எப்படிப் பூப்பூவா ஓடியிருக்குன்னு பார்த்து பிரைம், சாய்ஸ், செலக்ட்னு தரம் போடுறாங்க. உயிரோட நிக்கும்போது எடை போட ஒரு கணக்கு. நெஞ்சுச் சுற்றளவை அதாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 300-ஆல வகுக்கணும். அங்குலத்துல அளந்தா பவுண்டுல எடை வரும்.

இங்க வந்து டேப்பை எடுத்தேன். சுற்றளவு 30, நீளம் 27. ஆக 81 பவுண்டு, கிட்டத்தட்ட 37 கிலோ. அங்க காளையில 60 சதவீதம் தேறும், நாம பாதின்னே வச்சுக்குவோம்னு 18 கிலோ போட்டேன். ஆளுக்கு 200 கிராம், 90 பேரைக் கூப்பிட்டாச்சு.

சித்தப்பா டேப்பைப் பார்த்து சிரிச்சார். பல்லைப் பிரிச்சுப் பார்த்தார். கடைசி விலாவுக்குப் பின்னாடி முதுகுல கையை வச்சு அமுக்கினார். தண்டு கூரா தட்டுதா, பக்கத்து எலும்பு நுனி விரலுக்குச் சிக்குதா, அவ்வளவுதான் சோதனை. அப்புறம் முன்னங்காலுக்கு நடுவுல நெஞ்செலும்பைத் தடவினார்.

"பதினஞ்சு வந்தா பெருசுடா. முதுகுல சதை இல்ல, பூராம் வயித்துல இருக்கு."

"நல்லாக் கொழுத்துத்தானே இருக்கு சித்தப்பா?"

"வெள்ளாட்டுக்குக் கொழுப்பு முதுகுல ஏறாதுடா. குடலைச் சுத்தியும் கிட்னியைச் சுத்தியும்தான் சேரும். காயடிச்சதுக்கு இன்னும் கூட."

முதல் நாள் ராத்திரியில இருந்து தண்ணி மட்டும் குடுங்கன்னு சொல்லியிருந்தார். விடியக்காலையில எந்திரிச்சு வந்தா, கொட்டகையில அகத்திக்கீரைக் காம்பா கிடக்கு. யாரு வேலைன்னு கேக்கணுமா? நான் ஒண்ணும் கேக்கல.

உரிச்சுத் தராசுல போட்டா பதினாலே முக்கால். இரைப்பையும் குடலும் மட்டும் ரெண்டு பேர் சேர்ந்து தூக்குற மாதிரி இருந்துச்சு. கிட்னியைச் சுத்தி கொழுப்பு, சித்தப்பா சொன்ன மாதிரியே. பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் மூணே கால் கிலோ கடையில வாங்கிட்டு வந்தேன். ஆணி புடுங்குற எடத்துல கூட எஸ்டிமேட்ல இப்படி மூக்குடைபட்டதில்ல :-(

பந்தி முடிஞ்சு சாயங்காலம் அப்பத்தா திண்ணையில உக்காந்திருந்துச்சு. காலையில இருந்து கொல்லைப் பக்கமே வரல.

"எத்தனை கிலோப்பா வந்துச்சு?"

சித்தப்பா பக்கத்துலதான் வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தார்.

"பதினெட்டு அப்பத்தா."

சித்தப்பா என்னைய ஒரு தடவை பார்த்துட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேட ஆரம்பிச்சார்.