தொட்டிக்குள் போட்ட கோடு

எரியோட்டில் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கிச் சேதம் என்று வழக்குப் போட்டால், வேடசந்தூர் நீதிமன்றத்தில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரிப் பூமி; குழாயிலும் நினைத்த நேரத்தில் தண்ணீர் வராது. அந்த வறட்சிதான் இந்த வழக்குக்கே காரணம். வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு தரைத்தொட்டி கட்டுகிறார்கள். இடம் பற்றாத இடத்தில் அது பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நிற்கிறது.

என் கட்சிக்காரர் எழுபதைக் கடந்த பாட்டி. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசிய ஓட்டு வீடு. பிரதிவாதி வேறு யாருமில்லை, கொழுந்தனார் மகன். பூர்வீக வீட்டில் தன் பாகத்தை இடித்து மாடி வீடு கட்டியவர், பாட்டியின் சுவரை ஒட்டிக் குழி பறித்துத் தொட்டியை இறக்கிவிட்டார். அடுத்த வருஷமே சுவரில் ஈரம் ஏறியது. நான் போய்ப் பார்த்தபோது தரையிலிருந்து இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. விரல் வைத்தால் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சுவரோரம் சாத்தியிருந்த கடலை மூட்டை முளைவிட்டிருந்தது. டிரங்குப் பெட்டி அடி துருப்பிடித்து, உள்ளே பாகப் பத்திரத்தின் மடிப்புகள் பிரிக்க வராமல் ஒட்டிக் கிடந்தன. மெயின் சுவிட்சும் அதே சுவரில்தான். தொட்டால் சுர்ரென்று இழுத்தது.

"கேசுல ஜெயிக்கணும்னு இல்ல வக்கீல் தம்பி, ஈரம் நின்னாப் போதும். அவன் நான் தூக்கி வளத்த புள்ள" என்றார் பாட்டி. பிராதில் எதைக் கேட்பது என்பது அதிலேயே முடிவாகிவிட்டது. நஷ்டஈட்டைப் பின்னுக்குத் தள்ளி, தொட்டியை அகற்றும்படி செயலுறுத்துக் கட்டளை கேட்டேன். 1963ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 39ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இதற்குள் பாட்டியின் மகன் திருப்பூரிலிருந்து கொத்தனாரோடு வந்து இறங்கினார். சுவரைக் கொத்தி சிமெண்ட் பூசிவிட்டால் தீர்ந்தது என்றார். மண் சுவருக்கு சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். போதாததற்கு நம் அத்தாட்சியை நாமே மூடிவிடுவோம். நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர் பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லி, மின் இணைப்பை மட்டும் வேறு சுவருக்கு மாற்ற வைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் பழுத்த அனுபவசாலி. பழைய சுவர், மழையில் ஊறியிருக்கும் என்றார். பாட்டி வீட்டுக் குளியலறைத் தண்ணீராக இருக்கும் என்றார். அப்படியே தொட்டி கசிந்தாலும், கவனக்குறைவைக் காட்டாமல் தன் கட்சிக்காரரைப் பொறுப்பாக்க முடியாது என்று 1874ஆம் வருஷத்துப் பிரிவி கவுன்சில் தீர்ப்பை எடுத்து வைத்தார். தேக்கிய தண்ணீர் தப்பிப் போய் அடுத்தவன் சொத்தைக் கெடுத்தால், தேக்கியவன் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு என்பது 1868இல் ரைலண்ட்ஸ் வழக்கில் இங்கிலாந்து வகுத்த விதி. கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையில் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் சேதமானபோது, மதராஸ் ரயில்வே கம்பெனி அந்த விதியைச் சொல்லித்தான் ஜமீன்தார் மீது வழக்குப் போட்டது. ஏரி இல்லாமல் இந்த நாட்டில் விவசாயம் இல்லை, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே கவனக்குறைவு இல்லாமல் பொறுப்பில்லை என்று கம்பெனி தோற்ற தீர்ப்புதான் அவர் காட்டியது.

ஊருக்குப் பாயும் ஏரியும் ஒருவர் வீட்டுத் தொட்டியும் ஒன்றா என்று கேட்டேன். கவனக்குறைவுதான் அளவுகோல் என்றாலும் சரி, வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகும் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்ததற்கு என்ன பெயர் என்றும் கேட்டேன். ஆனால் தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்காதவரை இந்த வாதமெல்லாம் காற்றோடு போய்விடும். எனவே உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 26, விதி 9இன்படி வக்கீல் கமிஷனர் கேட்டு மனுப் போட்டேன். பார்வையிடல் பங்குனியில் அமைந்தது நல்லதாயிற்று. மழையைக் கண்டு மாதங்கள் ஆகியும் சுவர் நனைந்தே இருந்தது. குளியலறையோ வீட்டின் மறுகோடியில், அதை ஒட்டிய சுவரெல்லாம் காய்ந்து கிடந்தது.

கமிஷனராக வந்த இளம் பெண் வக்கீல், கூட ஒரு பொறியாளரையும் அழைத்து வந்திருந்தார். சாயங்காலம் தொட்டியை நிரப்பச் சொன்னார்கள். தண்ணீர் வரும் குழாயையும் மோட்டார் இழுக்கும் குழாயையும் அடைத்தார்கள். நீர் நின்ற மட்டத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, மூடிக்கு அரக்கு முத்திரை வைத்து, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் காலையில் முத்திரையை உடைத்துப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. மூடிய தொட்டியில் ஒரே ராத்திரியில் அவ்வளவும் ஆவியாகப் போகாது. தண்ணீரை இறைத்துவிட்டு டார்ச் அடித்தபோது, பாட்டி வீட்டுப் பக்கம் அடித்தளமும் சுவரும் சேருகிற மூலையில் பூச்சு வாய் பிளந்திருந்தது.

கமிஷனர் அறிக்கை விதி 10இன்படி சாட்சியமாகிவிடும். அதைப் படித்ததும் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. வழக்கு லோக் அதாலத்துக்குப் போனது. தொட்டியைத் தெருப்பக்கம் மாற்றுவது, பழைய குழியைத் தூர்ப்பது, சுவர் காய்ந்த பின் சுண்ணாம்புப் பூச்சுக்கான செலவைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. "பெரியம்மா மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார் மகன் முறைக்காரர். "சொன்னேன், நீ மோட்டார் சத்தத்துல கேக்கல" என்றார் பாட்டி. அமர்வில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அந்தத் தீர்வு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது.

இப்போது ஈரச் சுவரோடு யார் வந்தாலும் முதலில் படம் எடுக்கச் சொல்கிறேன், பிறகுதான் கொத்தனார். செல்போன் படத்தோடு முன்பெல்லாம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்று வைப்போம். 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆவது பிரிவுச் சான்று. எவ்வளவு சேதம் என்று பட்டியல் போட எல்லோராலும் முடியும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நீதிபதி கேட்கும்போது பதில் இல்லாதவருக்கு எந்தப் பிரிவும் கைகொடுக்காது.