காமன் பொட்டலும் கலாசாலையும்

நடிப்பாற்றல் பிறவியிலேயே அமைவது என்போர் உளர். பயின்று பெறுவது என்போரும் உளர். மலையகத் தோட்டங்களிற் கூத்தாடுவோரை அறிந்தவர்கள் முதற் கூற்றை எளிதில் ஏற்கமாட்டார்கள். பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம் இல்லாவிடினும் அங்கே நடிப்புக்கென ஒரு கல்விமுறை உண்டு; ஆசிரியர் உண்டு; கண்டிப்பு உண்டு; ஊரே தேர்வாளராக அமரும் பரீட்சையும் உண்டு.

காசல்ரீ நீர்த்தேக்கத்திற்குக் கீழே, கெகல்கமு ஓயாவை அணையிட்டுத் தடுத்த இடத்தில் நோட்டன் பிரிட்ஜ் அமைந்துள்ளது. 1950இல் லக்சபான மின்நிலையம் இந்நீரைக்கொண்டு இயங்கத் தொடங்கிற்று. 1965இல் விமலசுரேந்திர மின்நிலையமும் எழுந்தது. இங்கு பிறந்த மின்சாரம் தொலைவிலுள்ள நகரங்களை ஒளிரச் செய்தது. ஆயினும் மலையகத்து லயன்கள் பல நெடுங்காலம் குப்பிவிளக்கையே நம்பியிருந்தன. அந்த இருளிலே தீப்பந்தம் ஏந்தி வளர்ந்த கலை காமன் கூத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த கூத்துக்களுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தலையாயவை. இவற்றுள் காமன் கூத்து மாசி மாத அமாவாசைக்குப்பின் காமன் ஊன்றுதலுடன் தொடங்கும். இரதி மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படல், தீக்கனாக் கண்ட இரதி அவனைத் தடுத்தல், அவன் எரிந்து சாம்பராதல், இரதியின் புலம்பல் எனக் கதை விரியும்.

பகல் முழுவதும் மலையில் உழைத்தவர்கள் இரவிலே மாஸ்டரின் முன் கூடுகின்றனர். அவர் ஓர் அடியைப் பாடுகிறார். அவர்கள் திரும்பப் பாடுகின்றனர். அவர் கால்வைத்துக் காட்டுகிறார்; அவர்கள் தொடர்கின்றனர். தீயிற் காய்ச்சிய தப்பின் முழக்கத்தை மீறிக் குரல் எழவேண்டும். குளிரிலும் பனியிலும் விடியும்வரை அது தளரலாகாது. பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்னும் நால்வகை அபிநயங்களின் பெயர்களை அவர்கள் அறியாதிருக்கலாம். ஆனால் இரதி வேடமிட்ட இளைஞன் அழும்போது, காமன் பொட்டலைச் சூழ்ந்திருக்கும் தாய்மாரும் அழுவரேல், சாத்துவிகம் கைவந்ததற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, கலாசாலையின் பயிற்சியை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகின்றன. உடலையும் மூச்சையும் முறையாகப் பழக்கல், பாத்திரத்தின் உள்ளத்தை ஆராய்தல், பிரதியைப் படித்துப் பொருள்கொள்ளல், உலக அரங்கை ஒப்புநோக்கல் ஆகியவை இத்தகைய கல்வியின் பயன்கள்.

கூத்துக்களம் தர இயலாதவற்றையும் கலாசாலை தரவல்லது. மரபிலே இரதியாக வேடமிடுபவர் ஆடவரே. இரதியின் பாடலனைத்தையும் கேட்டே மனனஞ்செய்த பெண்ணொருத்தி லயன் வாசலில் நின்று பார்த்தவளாகவே வாழ்ந்து முடிந்தாள். வகுப்பறையில் அவளுடைய பேத்தி இரதியாகலாம். பிரட்டுக்கு ஆளெழுப்பிய தப்பு, சாவீட்டிலும் ஒலிப்பது என்பதனால் அதனை அடிப்போர் தாழ்வாக நோக்கப்பட்டனர். தப்பு ஒரு பாடமாகுமிடத்து, அதனைக் கற்பிப்பவர் ஆசிரியராக மதிக்கப்படுவார்.

எனினும் வாயில் எளிதில் திறப்பதன்று. உயர்தரப் பரீட்சையிற் போதிய பெறுபேறு இன்றேல் பல்கலைக்கழகம் இல்லை. வறுமையால் இடையிலே படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குச் செல்லும் தோட்டத்து இளைஞன், இரவு முழுதும் ஆடவல்லவனாயினும், தகைமையற்றவனாகவே கொள்ளப்படுகிறான். அவன் சென்றபின் மாஸ்டருக்கு மாணவன் இல்லை. மாஸ்டர் மறைந்தபின், அவருடைய பாட்டுக்கொப்பி எஞ்சினும் அதைப் பாடும் இராகமும் அடிவைக்கும் முறையும் எஞ்சுவதில்லை. இவ்வாறு இரு பள்ளிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒன்று குன்றுகிறது. மற்றது அதனைப்பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறது.

இவ்விடைவெளியைக் கடத்தல் இயலாததன்று என்பதற்குப் பேராதனையே சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்க மட்டக்களப்பின் அண்ணாவியாரையே நாடினார். இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் அரங்கியற் பேராசிரியராக விளங்கினார். கற்றோர் கிராமத்தவரிடம் கற்கத் துணிந்ததன் விளைவு அது. பேராதனை மலையகத்தின் வாயிலில் இருந்தும், அன்று அம்மேடையிற் சிறந்தது மட்டக்களப்புக் கூத்தே. காமன் கூத்துக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

ஆகவே மலையகத்தில் நடிப்புப் பயிற்சி நிறுவப்படுமாயின், காமன் மாஸ்டர் அங்கே தகவல் தருபவராக அன்றி, ஊதியம் பெறும் ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். மாசி மாதத்தில் மாணவர் தோட்டத்துக்கே சென்று, காமன் ஊன்றும் நாள் முதலாக அவரிடம் பயிலவேண்டும். உயர்தரம் எட்டாத கூத்தருக்கும் ஆட்டத்திறன் கண்டு இடமளிக்கும் ஒரு சான்றிதழ்ப் பாடநெறி வேண்டும். நோட்டனின் நீர் பிறருக்கு ஒளி தந்ததுபோல், நோட்டனின் கூத்தும் பிறர் ஆய்வுக்கு மட்டுமே பயன்படுதல் முறையாகாது. அம்மண்ணின் பிள்ளைகளுக்கு அதனாற் கல்வியும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும்.