முதல் எழுத்து

ஜூலை 4
வேலை போய்ப் பதினோரு நாள். காலை ரயிலுக்கு வைத்த அலாரத்தை இன்னும் எடுக்கவில்லை. நாலரைக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நைனா திண்ணையிலிருந்து, "அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுடலாமா? இடத்தை அடைச்சிக்கினு கீது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றேன்.

ஜூலை 5
தூசி தட்டியதில் அரை நாள் போனது. பென்டியம், 16 எம்பி ராம், 1.6 ஜிபி ஹார்ட் டிஸ்க், டாஸ் 6.22, விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர் 5. எங்கள் ஊர் கண்டிகையைச் சுற்றி எத்தனையோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இதில்தான் பிறந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு என்று கேட்பவர்களும் உண்டு. ட்ரேசிங் பேப்பரில் பிரின்ட் எடுத்து, ஸ்க்ரீன் பிரின்டிங்குக்குக் கொடுப்பார் நைனா.

உயிர் வந்துவிட்டது. தேதி மட்டும் 1-1-1980 என்கிறது. உள்ளே பேட்டரி செத்திருக்கிறது. நாள் தெரியாவிட்டால் டாஸ் போய் நிற்கும் இடம் அதுதான். நைனா நடத்திய கடையின் கடைசி வருஷங்களில் செய்த எல்லாக் கோப்பிலும் இதே தேதி. பேட்டரி மாற்றக்கூட மனமில்லாமல் ஓட்டியிருக்கிறார்.

ஜூலை 9
டிஸ்கில் இடம் அவ்வளவாக இல்லை. ஆனால் கோப்புகளின் அளவைக் கூட்டினால் 1.6 ஜிபி பக்கத்திலேயே வரவில்லை. காரணம் ஃபேட்16. ஒரு ஜிபியைத் தாண்டிய பார்ட்டிஷனில் அது 32 கிலோபைட்டுக்குக் குறைவாக இடம் ஒதுக்காது. ஒரே ஒரு வரி விலாசத்தைச் சேமித்தாலும் 32 போய்விடும். கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் பாய் விரித்துப் படுத்த கதை. 1996-ல் விண்டோஸ் 95-இன் இரண்டாம் வெளியீட்டோடு வந்த ஃபேட்32, இந்த அளவு டிஸ்கில் 4 கிலோபைட்டோடு நிறுத்திக்கொள்ளும். டாஸ் 6.22-க்கு அது கண்ணிலேயே தெரியாது. ஃப்ரீடாஸுக்குத் தெரியும். டாஸை மைக்ரோசாஃப்ட் கைவிடப் போகிறது என்று கேள்விப்பட்டு, ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994-ல் தொடங்கியது. இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் மேல் விண்டோஸ் 3.1 சண்டித்தனம் செய்யலாம். பரவாயில்லை. டிஸ்கைத் துடைத்து ஃபேட்32 போடப் போகிறேன். ஏதோ ஒன்றையாவது இந்த மாதம் முடித்தேன் என்று இருக்கட்டும்.

ஜூலை 10
ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஐடிஇ கன்வர்ட்டர் வாங்கி வந்தேன். ரயிலில் பழைய முகங்கள். "லீவா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன்.

ஜூலை 13
டிஸ்க் முழுவதையும் லேப்டாப்பில் நகல் எடுத்தாயிற்று. நைனா வந்து பின்னால் நின்றார். "அழிச்சதும் சேர்ந்து வருமா?"

எதற்குக் கேட்கிறார் என்று கேட்கவில்லை.

ஜூலை 14
டாஸ் எதையும் முழுசாக அழிப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அட்டவணையில் இடம் காலி என்று எழுதிக்கொள்ளும். சரக்கு அங்கேயே கிடக்கும். மேலே வேறெதுவும் ஏறாதவரை 'அன்டிலீட்' கொடுத்தால் ஒவ்வொன்றாகக் காட்டி, முதல் எழுத்து என்ன என்று கேட்கும். நமக்குத்தான் ஞாபகம் இருக்க வேண்டும்.

நைனாவுக்கு இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்விக்குறி, பிறகு ஏ, வி, ஏ, டி, ஐ. "கே போடு. காவடி நோட்டீஸு." அடுத்தது ஏ, எல், எல், ஐ. மல்லியா, பள்ளியா? "வி போடுடா. வள்ளி கல்யாணம்." எட்டு எழுத்துக்கு மேல் டாஸ் விடாது என்பதால் 'காதுகுத்' என்று தொங்கிக்கொண்டிருந்ததையும் பிடித்தார். யார் வீட்டுக் காதுகுத்து, யார் பணம் பாக்கி, எல்லாம் சொன்னார். இவ்வளவு பேசி நான் கேட்டு வெகுநாள்.

இதில் ஒரு வேடிக்கை. அழித்த கோப்பு எங்கே தொடங்குகிறது என்று மட்டும்தான் டாஸுக்குத் தெரியும். அடுத்த துண்டு எங்கே என்பது அட்டவணையோடு போய்விடும். ஒரு பத்திரிகை 20, 25 கிலோபைட். ஃபேட்32-ஆக இருந்திருந்தால் ஆறேழு துண்டாகி, ஆளுக்கொரு மூலையில் கிடந்திருக்கலாம். இங்கே எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கியதால்தான் முழுசாக எழுந்து வருகிறது. எந்த மண்டபத்தைத் திட்டினேனோ, அதுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்று வந்தது. 24 கிலோபைட், 1-1-1980. அந்தத் தேதியில் அக்கா பிறக்கவே இல்லை. அவள் பெயரில் முதல் எழுத்து மட்டும் இல்லை.

"நைனா, இது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலை. அடுத்தது போ."

'என்' அழுத்தினேன்.

ஜூலை 15
ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 19
அக்காவின் நின்றுபோன கல்யாணத்துக்குப் பத்திரிகை எத்தனை அடித்தோம் என்று அம்மாவிடம் கேட்டேன். "அடிக்கவே இல்லை. அதுக்குள்ள அவ போயிட்டா" என்றாள். ஆந்திர எல்லை தாண்டினால் நகரி. அக்கா அங்கேதான் இருக்கிறாள். பேசுவது அம்மா மட்டும், அதுவும் நைனா வெளியே போன நேரம் பார்த்து.

ஆடிக் கிருத்திகை
விடிய விடிய ரோட்டில் காவடி. மஞ்சள் வேட்டியும் பம்பைச் சத்தமும். நான் மலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட், தேதி பார்க்கவில்லை
ஃப்ரீடாஸ் சிடி உள்ளே இருக்கிறது. பார்ட்டிஷனை அழித்தால் டேட்டா எல்லாம் போய்விடும் என்று எச்சரித்து, ஆமாவா இல்லையா என்று கேட்டு நிற்கிறது. நகல் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது; பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே நைனா கேட்டார்: "அந்த ஒண்ணு... எத்தனை கேபின்னே?"

"இருபத்தி நாலு."

"மேல எதுவும் ஏறலையே?"

இல்லை என்றேன். மோரை ஊற்றிக்கொண்டார்.